கையைப் பிடிக்காத சிஸ்டர்

அம்மாவை ஹோமில் விட்டுவிட்டேன் என்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். ஆறு வாரம்தான் இருந்தார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு முதியோர் இல்லம், அதில் ஒரு மாடியை ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ராத்திரியும் நர்ஸ் உண்டு, காலையும் மாலையும் பிசியோ.

அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் முறிவு, தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். மறுநாளே பிடித்து நிற்கவும் வைத்தார்கள். கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஏஜென்சி அனுப்பிய அக்கா தங்கமானவர், அதுதான் சிக்கலே. "நீங்க அசையாதீங்கம்மா, நான் இருக்கேன்ல" என்று சோறு ஊட்டி, எல்லாவற்றையும் படுக்கையிலேயே முடித்து, பன்னிரண்டே நாளில் அம்மாவால் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. வால் எலும்புக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. படுக்கைப் புண் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இல்லத்தில் முதல் வேலையாகக் கட்டிலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து அதில் கையெழுத்துப் போட வேண்டும், நடு ராத்திரியானாலும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கால்மேல் கால் போடக் கூடாது, புது மூட்டு நழுவிவிடுமாம்.

அங்கே ஒரு சிஸ்டர். அம்மாவுக்கு அவர் கை கொடுத்ததைவிடச் சும்மா நின்றதுதான் அதிகம். கட்டில் விளிம்பில் அம்மா, எதிரே வாக்கர். "வாக்கரைப் பிடிச்சு இழுக்காதீங்க பாட்டி, கட்டிலை அழுத்தி எழுந்திரிங்க." அம்மா பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தார். நான் ஓடினேன், சிஸ்டர் என்னைத் தடுத்துவிட்டார். நாலாவது தடவை, நைட்டியெல்லாம் வேர்வை, எழுந்தே விட்டார். முதலில் வாக்கர், அப்புறம் வலிக்கிற கால், அப்புறம் நல்ல கால் என்று முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் வரை எட்டு அடி. சும்மா நிற்கிறார் என்று நான் நினைத்த சிஸ்டரின் இரண்டு விரல்கள் அம்மாவின் இடுப்புப் பெல்ட்டுக்குள் மாட்டியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். "இவ என்னைக் கொல்லப் போறா" என்று அன்று ராத்திரி போனில் புகார். அடுத்த வாரம் அதே சிஸ்டருக்கு முறுக்கு வாங்கி வரச் சொன்னார்.

செலவைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் மெடிக்ளைம் ஆபரேஷனோடு கையைக் கழுவிவிட்டது, இல்லத்துக்கு ஒரு பைசா தரவில்லை. ஒரு வளையல் அடகுக்குப் போனது, அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் இடம் தேடுகிறீர்கள் என்றால் தோட்டத்தையும் பூஜை அறையையும் பார்த்து மயங்காதீர்கள். காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள், எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ராத்திரி எத்தனை நர்ஸ் என்றும் கேளுங்கள்.

இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறார். தரையில் உட்காரக் கூடாது, தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது என்பதால் அவர் காய் நறுக்க உட்காரும் மணையைப் பரணில் ஒளித்துவிட்டேன். நேற்றுக் கேட்டார். எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"எதிர் வீட்டுல யாருக்குடி கல்யாணம், அந்தத் தாத்தாவுக்கா?"