ஊஞ்சலுக்கு மேல் விளக்கு வேண்டாம்

2025 ஜூன் 8, ஞாயிறு

1998-ல் மாமா இந்த உறையூர் வீட்டைக் கட்டியபோது ஹாலில் ஒரு டியூப்லைட் போட்டார். இன்றுவரை அது ஒன்றுதான். மார்ச்சில் அத்தைக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து அந்த வெளிச்சம் அவருக்குக் கூசுகிறது. அணைத்துவிட்டால் ஊஞ்சலில் உட்கார்ந்து பூக் கட்ட முடியவில்லை. பூக் கட்டாத மாலை அத்தைக்கு மாலையே இல்லை.

சீட்டு எடுத்த பணத்தில் 35,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். சீலிங்கில் பதிக்கிற டவுன்லைட் போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

விளக்கைப் பதிக்க, கான்கிரீட்டுக்குக் கீழே போர்டு அடித்து ஃபால்ஸ் சீலிங் போடும் தம்பி வந்து அளந்தார். ஹால் 16 அடிக்கு 12 அடி, 192 சதுர அடி. முழுக்க ஜிப்சம் போர்டு அடித்தால் சதுர அடி 95 ரூபாய் வீதம் 18,240. 12 வாட் விளக்கு பதினாலு, 6,720. பாயிண்டுக்கு 350 வீதம் 4,900. ஓரமாக மறைந்து எரியும் ஸ்ட்ரிப் லைட் 7,500. பட்டி, பெயிண்ட் 5,376. மொத்தம் 42,736. வயர் தனி.

பணம் மீறுகிறது என்பதைவிட, ஏன் பதினாலு என்ற கேள்விக்கு "ஹாலுக்கு அப்படித்தான்மா போடுவாங்க" என்று மட்டும் பதில் வந்ததுதான் எனக்கு உறுத்தியது.

ஜூன் 14, சனி

தம்பி கொடுத்த படத்தைத் தரையில் சாக்பீஸால் அப்படியே வரைந்து பார்த்தேன். விஷயம் அப்போதுதான் புரிந்தது.

நாலு விளக்கு ஃபேனைச் சுற்றி வருகிறது. நம்முடையது 1200 மில்லிமீட்டர் ஃபேன், நடுவிலிருந்து சுமார் இரண்டடி வரை இறக்கை சுழலும். அதற்கு மேலே விளக்கு இருந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டித்தான் கீழே விழும். புரை எடுத்த கண்ணுக்கு அது எவ்வளவு வேதனை! இன்னும் இரண்டு விளக்கு சரியாக ஊஞ்சல் பலகைக்கு மேலே. அத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில்தான் மல்லாந்து படுப்பார். கண்ணைத் திறந்தால் நேரே விளக்கு.

எத்தனை விளக்கு என்பதல்ல, யார் எங்கே உட்கார்வார், எங்கே படுப்பார் என்பதிலிருந்து கணக்கு தொடங்க வேண்டும். ஒரு வாரம் நான் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரவு எட்டு மணிக்கு ஒரு சோதனை. 9 வாட் பல்பை ஹோல்டரோடு ஒட்டடைக் கம்பில் கட்டி வீட்டுக்காரர் தூக்கிப் பிடித்தார். அத்தை ஊஞ்சலில். நடு ஹாலில் பிடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரை நோக்கி நகர நகர முகம் தெளிந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அவருக்குக் கூச்சமே இல்லை. சுவருக்கு ஓரடியில் வைத்தால் சுவரில் வில் வில்லாக விழுகிறது. ஒன்றரை அடியில் பரவி விழுகிறது. "இங்கேயே இருக்கட்டும்ப்பா" என்றார் அத்தை.

ஜூன் 17, செவ்வாய்

முழு சீலிங் வேண்டாம். சுவரோரமாக இரண்டடி அகலத்துக்குப் பார்டர் மட்டும் போதும். நடுவில் 12-க்கு 8 அடி கான்கிரீட் அப்படியே இருக்கும். ஃபேனும் ஊஞ்சலின் நாலு கொக்கியும் அதிலேயே நிற்கும். ஜிப்சம் போர்டு ஊஞ்சலைத் தாங்காது, அதைத் துளைத்துச் சங்கிலியை இறக்குகிற வேலையும் மிச்சம். 192 சதுர அடி 96 ஆகக் குறைந்தது.

நீளச் சுவர்களில் மும்மூன்று, குட்டைச் சுவர்களில் ஒவ்வொன்று. எட்டே விளக்கு, 9 வாட். விளக்குக்கு விளக்கு ஐந்தடி, அதாவது சீலிங் உயரத்தில் ஏறக்குறைய பாதி. மொத்தம் 72 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்கூட வராது. பழைய திட்டத்தில் 50 யூனிட்.

ஜூன் 21, சனி

மெயின்கார்டு கேட் பக்கம் கடைக்குப் போனோம். அத்தை ஒரு முழம் கதம்பத்தைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள். 6500 கெல்வின் நீலம் பாய்ந்து கூசியது. 3000-ல் மல்லிகை மஞ்சளாகத் தெரிந்தது. 4000-ல் மரிக்கொழுந்து பச்சையாகவும் மல்லிகை வெள்ளையாகவும் இருந்தன. அதையே எடுத்தோம். விளக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஆழமான மாடல். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணில் அடிக்காது. விலை 420. பெட்டியில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். எட்டுக்குப் பதில் பத்து எடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒன்று போனால் இதே நிறம், இதே ஓட்டை அளவு கிடைக்காமல் போகலாம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 4,956.

ஜூன் 29, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவிட்ச்போர்டைத் திறந்து பார்த்தார். பழைய வயரின் தோல் கையில் உதிர்கிறது. அதை சீலிங்குக்குள் போட்டு மூடுவது ஆபத்து என்றார். எனக்கும் மறுபேச்சில்லை. 1.5 ஸ்கொயர் எம்எம் காயில் ஒன்று 2,300. கூடவே, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 2,100. முதல் மதிப்பீட்டில் இந்த இரண்டும் இல்லவே இல்லை. ஆனால் இவற்றைக் குறைத்து மற்றதைச் செய்ய எனக்கு மனம் வராது.

மொட்டை மாடியில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கசிவு இல்லை. இருந்திருந்தால் போர்டு ஊறிப்போகும்.

இப்போதைய கணக்கு: பார்டர் 9,120, அதன் உள்விளிம்பு நாற்பது அடிக்கு 2,400, எட்டுப் பாயிண்ட் 2,800, பட்டி, பெயிண்ட் 2,688. சமையலறையில் பரண் அடியில் இரண்டு பேட்டன் லைட் பாயிண்டோடு 1,400. அங்கே விளக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் என் நிழலிலேயே இத்தனை வருஷம் காய் நறுக்கியிருக்கிறேன். விளக்கு, வயர், ஆர்சிசிபி எல்லாம் சேர்த்து 27,764. கைமீறும் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு வைத்தாலும் 30,540.

ஜூலை 2, புதன்

நாளை காலை எட்டு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். முதலில் வயர், பிறகு போர்டைத் தாங்கும் சேனல், கடைசியில் போர்டு. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். சங்கிலியைக் கழற்றி ஊஞ்சல் பலகையைப் பழைய புடவையில் சுற்றிப் பின்கட்டில் வைத்தாயிற்று. மீதி 4,460 ரூபாயை அத்தையின் அறைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.