மூன்றாவது கியரில் பஸ்ஸைத் தாண்டும் வண்டி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஆறோ ஏழோ கடந்திருப்போம், முன்னால் ஒரு பஸ் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, டேங்க் நிறைய பெட்ரோல். நேராக ஒரு துண்டு ரோடு கிடைத்ததும் வெளியே வந்து முறுக்கினேன். சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. கியரைக் குறைத்து, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் ஏழாயிரத்துக்கு ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது, மறுபடியும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "விடுங்க, பஸ் போகட்டும், நமக்கென்ன அவசரம்" என்றாள். அவசரம் இல்லைதான். ஆனால் எதிர்ப்பக்க ரோட்டில் மாட்டிக்கொண்ட அந்த நான்கைந்து விநாடிகளை நினைத்தால் இன்னும் கை வியர்க்கிறது. வண்டியை மாற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இன்ஜின் வெளியே தெரியும், முன்னால் மூடி மறைக்காத நேக்கட் பைக்தான் வேண்டும் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. குனிந்து படுத்து ஓட்ட என் முதுகு ஒத்துக்கொள்ளாது, அகலமான ஹேண்டில்பார் இருந்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். எந்த நேக்கட் என்பதில்தான் இரண்டு மாதம் போனது. முதலில் எல்லோரையும் போல நானும் பவரைத்தான் பார்த்தேன். கேடிஎம் 390 டியூக் 46 பிஎஸ் (குதிரைத்திறன்), ட்ரயம்ஃப் ஸ்பீட் 400-க்கு 40 பிஎஸ் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் போனேன். நோட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, இந்த நம்பரெல்லாம் எட்டாயிரம் ஆர்பிஎம்முல வர்றது. நீங்க எவ்வளவுல ஓட்டறீங்கன்னு ஒரு வாரம் முள்ளைப் பாருங்க. அப்புறம் வாங்க, பேசலாமுங்க."

பார்த்தேன். ஆபீஸ் போகும்போது, காய்கறி வாங்கப் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்சம் விரட்டும்போதுகூட. பெரும்பாலும் முள் 3000-க்கும் 5500-க்கும் நடுவில்தான் நின்றது. என் பழைய 200 சிசி வண்டியின் உச்ச டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 18 நியூட்டன் மீட்டர் சொச்சம், அதுவும் 8000 ஆர்பிஎம்மில். அதாவது இத்தனை வருஷமும் அந்த வண்டியின் நல்ல பகுதிக்கு நான் போனதே இல்லை! மலையில் இரண்டு பேரோடு திணறியதற்குக் காரணம் இதுதான்.

பவர் என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி வருவது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பிரோஷரைப் படிக்கும் விதமே மாறிவிடுகிறது. ஹீரோ மேவரிக் 440-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 4000 ஆர்பிஎம்மிலேயே 36 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்பீட் 400-க்கு 6500-இல் 37.5. டார்க் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மேவரிக்கின் பவர் ஏறக்குறைய 27 பிஎஸ், ஸ்பீட் 400-க்கு 40 பிஎஸ். ஸ்பீட் 400, ஆர்பிஎம் மேலே போகப் போகவும் டார்க்கை விடாமல் வைத்திருக்கிறது, அதனால் பவர் கூடுகிறது. என் தேவை கீழேயும் இழுக்க வேண்டும், தேவைப்பட்டால் மேலேயும் ஓட வேண்டும் என்பது.

அப்படித் தேடியதில்தான் ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 வந்து சேர்ந்தது. நம் ஊர் தயாரிப்பு என்பதால் தேர்ந்தெடுக்கவில்லை, அது ஒரு சந்தோஷம் அவ்வளவுதான். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ், 52 நியூட்டன் மீட்டர், அதுவும் 5150 ஆர்பிஎம்மில். அதில் 80 சதவீதம் 2500-இலேயே கிடைக்கும் என்கிறது கம்பெனி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2500-இல் 41.6 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறக்குறைய 14.8 பிஎஸ். என் பழைய வண்டி தன் உச்ச டார்க்கை அப்படியே 2500-இல் தந்தாலும், தரவே தராது, ஆனாலும் வைத்துக்கொள்வோம், ஆறரை பிஎஸ்தான்.

ஆனால் எடை இருக்கிறது. இன்டர்செப்டர் சுமார் 218 கிலோ, டியூக் 168. ஒரு கிலோவுக்கு எவ்வளவு டார்க் என்று வகுத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். வளைவில் சட்டென்று சாய்த்து எடுப்பதில் டியூக்கை மிஞ்ச முடியாது, தனியாக ஓட்டுபவராக இருந்திருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். என் சவாரியில் பாதி பின் சீட்டில் ஆளோடு. மனைவியும் பையும் சேர்ந்து எழுபது கிலோ ஏறும்போது 168 கிலோ வண்டிக்கு அது பெரிய சுமை, 218 கிலோ வண்டிக்கு அந்த அளவுக்கு இல்லை. அப்புறம் ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, இரட்டையில் இரண்டு. அதனால்தான் பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகள் உயர்ந்த கியரில் மெதுவாகப் போனால் இடிக்கின்றன.

டெஸ்ட் ரைடு என்று ஒரு ஷோரூமில் சிக்னல் வரை போய்த் திரும்பச் சொன்னார்கள். அதை நம்பி மூன்று லட்சத்துக்கு மேல் போடுவது சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் அரை மணி நேரம் கொடுத்தார்கள், மனைவியையும் உட்காரவைத்துப் போனேன். மூன்றாவது கியர், 40 கிலோமீட்டர் வேகம், முன்னால் ஒரு மினி பஸ். கியரைத் தொடவில்லை. கொஞ்சமாக முறுக்கியதும் சீட்டுக்கு அடியில் யாரோ முழங்கையால் தள்ளுவது போல ஒரு இழுப்பு, தடதடவென்று சீரான சத்தம், பஸ் பின்னால் போய்விட்டது. இரண்டு பிஸ்டன்களும் 270 டிகிரி தள்ளித் தள்ளி ஏறி இறங்கும்படி அமைத்த கிராங்க் தரும் அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. மனைவி என் தோளை அழுத்தினாள், பயத்தில் இல்லை என்று பிறகு சொன்னாள்.

கவாஸாகி இசட் 900-ஐயும் யோசிக்கச் சொன்னார்கள் நண்பர்கள். 948 சிசி, நான்கு சிலிண்டர், 97 நியூட்டன் மீட்டருக்கு மேல். அருமையான வண்டி, ஆனால் 200 சிசியிலிருந்து நேராக அங்கே தாவுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் செஸ்ஸோடு 31 சதவீதமாக இருந்தது 40 ஆகிவிட்டது. அடிப்படை விலை இரண்டரை லட்சம் என்றால் 22,500 ரூபாய் கூடுதல். வலிக்கத்தான் செய்தது. சக்கரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் டயர், அலாய் மாடலில் ட்யூப்லெஸ். மலை ரோட்டில், இருட்டும் நேரத்தில் பஞ்சர் ஆனால் அந்த வித்தியாசம் புரியும். நான் அலாய்தான் புக் பண்ணியிருக்கிறேன்.

அடுத்த வாரம் வண்டி கைக்கு வருகிறது. முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில், அதுவரை அடக்கித்தான் ஓட்ட வேண்டும். வால்பாறை அதற்குப் பிறகு, மனைவி இப்போதே லீவு சொல்லிவிட்டாள்.