மட்டம் போடும் பிள்ளைக்கு யூரின் டெஸ்ட்: கையெழுத்து முதல் இரண்டாவது ரிசல்ட் வரை

அமெரிக்க அரசுப் பள்ளியிலிருந்து 'பிள்ளை வகுப்புக்கு வரவில்லை' என்று கடிதங்கள் குவிய ஆரம்பித்தால், ஏதோ ஒரு கட்டத்தில் போதைப்பொருள் டெஸ்ட் பற்றிய பேச்சு வந்துவிடும். டெஸ்ட் எடுக்கச் சொல்வது யார் என்பதை முதலில் பாருங்கள். பள்ளி விளையாட்டு வீரர்களுக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலே டெஸ்ட் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வெர்னோனியா வழக்கில் சொன்னது. 2002-இல் ஏர்ல்ஸ் வழக்கில், பாடத்துக்கு வெளியே நடக்கும் போட்டிகளிலும் குழுக்களிலும் சேரும் மாணவர்கள் வரை அது நீண்டது, அதுவும் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்த கணக்கில். வெறுமனே மட்டம் போட்டவனைப் பற்றி இரண்டு தீர்ப்பும் பேசவில்லை. அதனால் இந்த டெஸ்ட் பெரும்பாலும் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வழியாகவோ, சிறார் நீதிமன்ற உத்தரவின் நிபந்தனையாகவோ வரும்.

சம்மதப் படிவம் என்றால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்தெந்தப் பொருளுக்கு டெஸ்ட், பாசிட்டிவ் வந்தால் லேபில் உறுதிச் சோதனை உண்டா, ரிசல்ட் யார் யாருக்குப் போகும். ஏர்ல்ஸ் வழக்கில் அந்தப் பள்ளியின் ரிசல்ட் போலீசுக்கும் போகவில்லை, மார்க்கையும் தொடவில்லை. நீதிமன்ற உத்தரவில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். ரிசல்ட் கண்காணிப்பு அதிகாரி மேசைக்குப் போகும்.

சாம்பிள் எடுக்கிற இடத்தில்தான் பாதிக் கோளாறு நடக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் பணியிட டெஸ்ட் விதிமுறை பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஒழுங்கான மையங்கள் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். கழிவறைத் தண்ணீரில் நீலச் சாயம், குழாய்கள் மூடல், பை வெளியே. குறைந்தது 45 மி.லி. வேண்டும்: 30 முதல் பாட்டிலுக்கு, 15 இரண்டாவதற்கு. அந்த இரண்டாவது பாட்டில்தான் பிற்பாடு மறுசோதனை கேட்க உதவும். நான்கு நிமிடத்துக்குள் கோப்பையின் ஓரத்துப் பட்டையில் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் காட்ட வேண்டும். சீல் ஒட்டுவதும் அதில் முதலெழுத்து போடுவதும் பிள்ளையின் கண் முன்னால் நடக்க வேண்டும். பாட்டிலுக்குச் சீல் வைக்காமலே பிள்ளையை வெளியே அனுப்பினால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது, நெகட்டிவாக இருந்தாலும் சரி.

சிறுநீர் வரவில்லை என்று பயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வைப்பது வழக்கமான தவறு. விதிமுறை சொல்வது மூன்று மணி நேரத்தில் சுமார் 1.2 லிட்டர் வரைதான். அதற்கு மேல் போனால் கிரியேட்டினின் (சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் உடற்கழிவு) 20 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே இறங்கி, 'நீர்த்த சாம்பிள்' என்று ரிப்போர்ட் வரலாம். 2-க்கும் கீழே போனால் அது மனிதச் சிறுநீரே இல்லை, மாற்றி வைத்தது என்ற சந்தேகத்துக்குப் போய்விடும். நீர்த்தது என்பது பாசிட்டிவ் அல்ல. காலையில் முதல் சிறுநீரில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீரில் தோய்த்து அங்கேயே ரிசல்ட் பார்க்கும் அட்டை கிட்டில் எடுத்தால் கோடு படிப்பதில் சண்டை வரும். போதைப்பொருளுக்கான கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மங்கலான கோடும் கோடுதான், 'லேசாகப் பாசிட்டிவ்' என்று ஒன்று கிடையாது. கிட்டில் போட்ட நேரத்தைத் தாண்டிப் படித்தால் அந்த வாசிப்பு செல்லாது.

அட்டை செய்வது சல்லடை வேலை மட்டும். கஞ்சாவுக்குப் பொதுவாக 50 நானோகிராம்/மி.லி. தாண்டினால் அது பாசிட்டிவ் காட்டும். பிறகு லேபில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (பொருளை அதன் மூலக்கூறு எடையால் அடையாளம் காணும் சோதனை) 15 என்ற வரம்பில் உறுதி செய்யும். பப்ரோபியான் (மனச்சோர்வு மருந்து), சூடோஎபெட்ரின் (மூக்கடைப்பு மருந்து) போன்றவை அட்டையில் ஆம்பிடமின் என்ற ஊக்கப்பொருள் போலக் காட்டலாம். இருமல் மருந்தின் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் பிசிபி என்ற போதைப்பொருள் போலக் காட்டலாம். லேபில் இவை கழன்றுவிடும். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏடிஎச்டி) அடரால் சாப்பிடும் பிள்ளை என்றால் லேபிலும் ஆம்பிடமின் பாசிட்டிவ்தான் வரும், ஏனென்றால் அந்த மாத்திரையே ஆம்பிடமின். மருந்துச் சீட்டுப் பாட்டிலை மையத்து ஆளிடம் காட்டிப் பயனில்லை. ரிசல்ட்டை மதிப்பிடும் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு மருத்துவரே அந்த ஏற்பாட்டில் இல்லையென்றால், லேப் உறுதி வரும்வரை எந்த நடவடிக்கையும் கூடாது என்று எழுதிக் கேளுங்கள்.

அதிகம் அநியாயம் நடப்பது இரண்டாவது டெஸ்டில். எப்போதோ ஒருமுறை புகைத்தவனுக்குக் கஞ்சா மூன்று நாளில் போய்விடலாம். தினமும் புகைத்தவனுக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், பாசிட்டிவ் வரும். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் கஞ்சாவின் எண்ணும் ஏறியிருந்தால் 'இன்னும் விடவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். முதல் முறை 120 நானோகிராம், கிரியேட்டினின் 50. இரண்டாம் முறை 200 நானோகிராம், கிரியேட்டினின் 200. எண் மட்டும் பார்த்தால் ஏற்றம். ஒரு மில்லிகிராம் கிரியேட்டினினுக்கு எவ்வளவு என்று வகுத்தால் (ஒரு டெசிலிட்டர் 100 மி.லி. என்பதால் விடையை நூறால் பெருக்க வேண்டும்) 240 இப்போது 100 ஆகிவிட்டது. இறங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டாம் தடவை சிறுநீர் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். இதற்கு லேபிலிருந்து அளவும் கிரியேட்டினினும் இரண்டு தேதிக்கும் வேண்டும். வெறும் 'பாசிட்டிவ்' என்ற வார்த்தையை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது, அதனால் முதல் டெஸ்டிலேயே அளவுடன் ரிப்போர்ட் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நெகட்டிவ் வந்தவுடன் நிம்மதியும் வேண்டாம். சாதாரண ஓபியேட் (அபின் வகை) அட்டை ஃபென்டானில் என்ற செயற்கை வலிநிவாரணியைக் காட்டாது, அதற்குத் தனி அட்டை. செயற்கைக் கஞ்சா வகைகள் கஞ்சா அட்டையில் சிக்காது. வேப் எனப்படும் மின்-சிகரெட்டில் நிகோடின் என்றால், நிகோடின் உடலில் மாறி உண்டாகும் கோட்டினினுக்கான சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், பள்ளிகளில் இந்த டெஸ்டைப் பரவலாக்குவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015-இல் சொல்லி எதிர்த்தது. எங்கள் கருத்தும் அதுதான். வகுப்புக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு எந்தக் கோப்பையும் பதில் சொல்வதில்லை, அதைக் கேட்க ஆலோசகர் நேரத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், டெஸ்ட் தேதிக்கு முன்பே.