மாதக்கணக்கில் வெளிநாடு போக 40 லிட்டர் பை போதும்

நீண்ட நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு எத்தனை லிட்டர் பை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் 40 என்றுதான் சொல்வேன். என்னைப்போல உயரம் குறைந்தவர்கள் 35-ஐயும் முதுகில் மாட்டிப் பார்க்கலாம். 50-க்கு மேல் உள்ள வரிசைப் பக்கமே போக வேண்டாம்.

சென்னையில் பை வாங்கப் போன கடையில், “மாசக்கணக்குல சுத்தப் போறீங்கன்னா அறுபத்தஞ்சு லிட்டராவது எடுங்கக்கா” என்றார் அங்கிருந்த தம்பி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் போனாலும் ஆறு மாதம் போனாலும் தேவைப்படும் துணி ஒன்றேதான். வாரம் முடிந்தால் எப்படியும் துவைத்தாக வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் அது ஒரு வேலையே இல்லை. துணியைக் கிலோக் கணக்கில் எடை போட்டு வாங்கி, துவைத்து மடித்து, பெரும்பாலும் மறுநாளே கொடுத்துவிடுகிறார்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

நான் போனது திருச்சியிலிருந்து விமானத்தில் கோலாலம்பூர். அப்புறம் தரைவழியாகவும் ஆற்றுவழியாகவும் பினாங்கு, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம். இந்த மாதிரிப் பயணத்தில் பையின் அளவை முதலில் தீர்மானிப்பது விமானக் கணக்கு. ஏர் ஏஷியாவில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 56 × 36 × 23 செ.மீ. அளவு. பெருக்கிப் பாருங்கள், 46 லிட்டர் வரும். அது மூலை முடுக்கெல்லாம் சேர்ந்த முழுப் பெட்டியின் அளவு. பைக்கு வளைவு இருக்கிறது, முதுகுப் பக்கம் மெத்தை இருக்கிறது, வார்கள் இருக்கின்றன. அதெல்லாம் கழிந்தால் நிற்பது 40 லிட்டர். இண்டிகோவின் 55 × 35 × 25 கணக்கும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் இடுப்பை ஒடிப்பது எடைக் கணக்குதான். இரண்டு நிறுவனங்களிலும் 7 கிலோ. 40 லிட்டர் பையை அழுத்தி நிரப்பினால் 9, 10 கிலோ சுலபமாக வந்துவிடும். நல்ல இடுப்புப் பட்டையும் சட்டமும் உள்ள பை காலியாகவே ஒன்றரைக் கிலோ இருக்கும். லேப்டாப் இன்னொரு ஒன்றேகால். மிச்சம் நாலேகால் கிலோவுக்குள்தான் துணி, செருப்பு, மருந்து, சார்ஜர் எல்லாம். ஒரு ஜீன்ஸே அரைக் கிலோவுக்கு மேல். அதனால் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டேன். சீக்கிரம் காயும் பேன்ட் இரண்டு, டி-ஷர்ட் நான்கு, கோயில்களுக்கும் மடங்களுக்கும் போக ஒரு சுடிதார், உள்ளாடை ஒரு வாரத்துக்கு. துண்டு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. விலை கொடுத்து மைக்ரோஃபைபர் துண்டு வாங்க வேண்டாம். நம் ஈரிழைத் துண்டு கைக்குள் அடங்கும், மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும், ஏசி பஸ்ஸில் போர்த்திக்கொள்ளலாம், வெயிலில் தலைக்கும் ஆகும்.

அம்மா கொடுத்த பருப்புப் பொடியைக் கொண்டுபோனேன், அது பொடி என்பதால் சிக்கல் இல்லை. ஊறுகாய் அப்படியில்லை. சர்வதேச விமானத்தில் கையோடு கொண்டுபோனால் அதுவும் திரவக் கணக்கில் சேரும், 100 மி.லி.தான் வரம்பு. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அதைச் சரக்கில் போடவே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும் பவர் பேங்க் 74 வாட்-மணிதான், தாராளமாகப் போதும்.

விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் சின்னப் பையின் அருமை தெரியும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைகளின் முன்னால் போகும் ஐந்தடி நடைபாதைகள் அழகானவை. ஆனால் ஒரு கடைக்கு முன் மோட்டார் சைக்கிள் நிற்கும், அடுத்த கடைக்கு முன் படி ஏறும். சக்கரப் பெட்டியோடு வந்தவர்கள் கடைசியில் கார் ஓடும் சாலையில் இறங்கித்தான் இழுத்துப் போனார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ரயிலேறி, எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வந்தால், மலேசியா, தாய்லாந்து இரண்டின் குடிநுழைவும் அந்த ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டு ஹாட் யாய் ரயிலில் ஏற வேண்டியதுதான். பையை எங்கும் கழற்றி வைக்காமலே எல்லை கடந்துவிட்டேன்.

லாவோஸ் படகுப் பயணம் இன்னும் தெளிவாகக் காட்டியது. தாய்லாந்தின் சியாங் கோங்கிலிருந்து, 2013-இல் திறந்த நட்புறவுப் பாலம் வழியாக மேகாங் ஆற்றைக் கடந்தால் ஹுவே சாய். அங்கிருந்து லுவாங் பிரபாங் வரை மெதுவான நீளப் படகில் இரண்டு நாள். நடுவே பாக்பெங் என்ற சின்ன ஊரில் இரவு தங்கல். பெரிய பைகளையெல்லாம் படகில் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துவிட்டார்கள். பாக்பெங்கில் இறங்கும்போது அடியில் மாட்டிய பைக்காரர்கள் வெகுநேரம் காத்திருந்தார்கள். கரையோ செங்குத்து. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க ஏற வேண்டிய தூரம் கூடும். நான் பையைக் காலடியிலேயே வைத்திருந்தேன். முதல் ஆட்களோடு மேலே ஏறி, ஆறு தெரிகிற மாதிரி ஓர் அறை பிடித்துவிட்டேன்.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். வியட்நாமின் சாப்பா ஜனவரியில் எலும்பு வரைக்கும் குளிரும். அதற்கான ஜாக்கெட்டைத் திருச்சி வெயிலில் இருந்தே ஏன் சுமக்க வேண்டும்? ஹனோய் பழைய நகரில் ஜாக்கெட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வாங்கினேன், சாப்பா முடிந்து தெற்கே இறங்கும்போது தங்கியிருந்த விடுதியில் வேலை செய்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கூடாரமும் அடுப்பும் தூக்கிக்கொண்டு தென் அமெரிக்காவின் படகோனியாவில் நடக்கப் போகிறவர்களுக்கு 60 லிட்டர் வேண்டும், அது வேறு கணக்கு.

லிட்டர் முடிவானதும் முதுகை அளக்க வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக முதுகில் வரும் கோடு வரைக்கும் அளக்க வேண்டும். ஒரே 40 லிட்டர் பை இரண்டு மூன்று முதுகு அளவுகளில் வருவதுண்டு. இடுப்புப் பட்டை அந்த எலும்பின்மேல் உட்கார்ந்தால் எடையின் பெரும்பங்கு இடுப்புக்குப் போய்விடும், தோளுக்கு வேலை குறையும். வயிற்றில் உட்கார்ந்தால் எந்தப் பையும் வேதனைதான். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்துப் பயனில்லை. உள்ளே எடை வைத்துத் தரச் சொல்லிக் கடைக்குள் கால் மணி நேரமாவது நடங்கள். பெட்டி மாதிரி முழுக்கத் திறக்கிற ஜிப் உள்ளதாகப் பாருங்கள். மேலிருந்து மட்டும் திறக்கும் பையில் அடியில் கிடக்கும் ஒரு சாக்ஸுக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், நிரப்பிய பையோடு மலைக்கோட்டை ஏறினேன். படிகளில் எடை தோளில் இறங்குகிறதா இடுப்பில் நிற்கிறதா என்பது நன்றாகத் தெரிந்துவிடும். உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு இறங்கி வந்து, இரண்டாவது ஜோடி ஷூ, தடிமனான புத்தகம் ஒன்று, பெரிய ஷாம்பு பாட்டில் மூன்றையும் வெளியே எடுத்து வைத்தேன். பழைய பேப்பர்க் கடை அண்ணனின் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால் 6.4 கிலோ. பொடிக்கு இடம் இருந்தது.