ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான்

வீடியோ கேம் கம்பெனியில் எனக்கு வந்த வேலை, கேமுக்குள் வரும் ஒரு ஊரை எழுதுவது. மதில் சூழ்ந்த கற்பனை ஊர், மந்திரவாதியும் டிராகனும் உண்டு. சத்திரம், கொல்லன் பட்டறை, மூலிகைக் கடையையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் நடத்தும் கறிக்கடையை நான் கேட்டு வாங்கினேன். காரைக்குடியில் எங்கள் வீட்டுத் தொழில் அதுதான். தாத்தா ஆரம்பித்த கடை, இப்போது அத்தாவும் சின்னத்தாவும், அதாவது அப்பாவும் சித்தப்பாவும், நடத்துகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை என்பதால் காலையில் கடையில் கூடமாட நின்றுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன்.

1974இல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த காலத்திலிருந்தே இந்த வகை விளையாட்டுகளில் கடை என்றால் பெரும்பாலும் விலைப்பட்டியல்தான். வாள் இவ்வளவு, கயிறு இவ்வளவு, வழிச்சோறு இவ்வளவு. கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு கொஞ்சம் மாறியது. 2011இல் வந்த ஸ்கைரிமில் கடைக்காரர் ராத்திரி கடையைச் சாத்துவார். கேம் கணக்கில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை சரக்கு நிரம்பும். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலியில் மளிகைக்கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. விதை வாங்கப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு அதன் பிறகு கிழமை மறக்காது. அந்தப் புதன்கிழமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடை என்றைக்குச் சாத்தும் என்று தெரிந்துவிட்டால் ஊருக்கு ஒரு காலண்டர் கிடைத்துவிடுகிறது.

எங்கள் கடைக்கும் அப்படி ஒரு காலண்டர் உண்டு. புரட்டாசியில் கத்திக்கு வேலை குறைவு. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டுப் பக்கமிருந்து ஆள் வராது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி என்றால் அரசு உத்தரவுப்படி அடைப்பு. ஆடியில் சுற்றுக் கிராமங்களில் கருப்பருக்குக் கிடா வெட்டு நடந்தால் பங்குக்கறி வீடு வீடாகப் போய்விடும், அந்த வாரம் கடைக்கு யார் வருவார்கள்? தீபாவளிக்கு விடியுமுன்னே கூட்டம் நிற்கும். பக்ரீத் அன்று கடை கிடையாது. சின்னத்தா கத்தியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் குர்பானிக்குப் போவார். கறி வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, ஏழைகளுக்கு என்று மூன்று பங்காகும்.

நான் எழுதிய ஊர் ஐரோப்பியச் சாயல் கொண்டது, அங்கே ஆடி மாதத்தை நட முடியாது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தின் ஷாம்பிள்ஸ் தெருவை மாதிரியாக வைத்துக்கொண்டேன். 1872இல்கூட அந்த ஒரு தெருவில் இருபதுக்கும் மேற்பட்ட கறிக்கடைகள் இருந்தன. கறி தொங்கவிட்ட கொக்கிகளையும், ஜன்னலுக்குக் கீழே கறி பரப்பிய பலகைகளையும் இன்றும் பார்க்கலாம். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளையொட்டி அந்தக் கால ஐரோப்பாவில் ஆடு மாடுகளை அறுத்து உப்பிட்டு வைப்பார்கள். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. அதுவே என் ஊரின் தீபாவளி ஆனது.

சரி, காலண்டர் கிடைத்தது. ஆனாலும் கடை உயிரோடு இல்லை. விளையாடுபவர் காசை நீட்டினால் கேட்டது கைக்கு வந்துவிடும். உண்மையான கறிக்கடையில் அப்படி நடக்கவே நடக்காது.

இருபது கிலோ வெள்ளாடு ஒன்றை அறுத்தால் கறியாக நிற்பது பத்து கிலோவுக்குள்தான். அதில் தொடைக்கறி வேண்டுமென்பவர், நெஞ்செலும்புதான் குழம்புக்கு ருசி என்பவர், நல்லி எலும்பு கேட்கும் பிள்ளைக்காரர், ஒரே அளவுத் துண்டாகக் கேட்கும் மெஸ்காரர் என்று எல்லாரையும் சமாளித்துவிடலாம். ஈரல் ஒன்று, மூளை ஒன்று. சுவரொட்டி என்கிற மண்ணீரலும் ஒன்றுதான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்கும், சோகை பிடித்த பெண் பிள்ளைகளுக்கும் அதைச் சுட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதற்கு நாலைந்து பேர் சொல்லி வைத்திருப்பார்கள்.

நீண்ட நாள் வாடிக்கையான ஒரு ஆச்சி போன் போடுவார். "பாய், சுவரொட்டி எடுத்து வச்சிட்டீகளா?"

"இன்னைக்குப் பேசியாச்சு ஆச்சி. பச்ச உடம்புக்காரிக்குப் போகுது. ஈரல் தர்றேன், பிஞ்சு ஈரலா இருக்கு."

ஆச்சி ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, அவுகளுக்கே குடுங்க" என்பார். கூடுதல் காசு தருகிறேன் என்று அவர் சொன்னதே இல்லை. புதிதாக வருபவர்கள் சிலர் சொல்வார்கள், அத்தா காதில் வாங்காத மாதிரி கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். யார் வீட்டில் பிரசவம், யாருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது, யார் மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறான் என்பதெல்லாம் அந்தக் கட்டைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பங்கு சரியாகப் போய்ச் சேராது.

இதைத்தான் கேமில் வைத்தேன். சாதாரண நாளில் கடையில் ஒரே ஒரு ஆடு, சந்தை நாளில் மூன்று. ஒவ்வொரு ஆட்டுக்கும் உறுப்பு வாரியாகக் கணக்கு. ஈரலுக்குச் சத்திரக்காரர் கேட்பார், மருத்துவச்சி கேட்பார், கோட்டைச் சமையல்காரர் ஆள் அனுப்புவார். ஊருக்குப் புதிதாக வந்த வீரருக்கு மாலையில் மிஞ்சிய எலும்புதான். சந்தையிலிருந்து ஆட்டை ஓட்டிவர உதவினால், கடைக்காரியின் மாமியாரிடம் நின்று நாலு வார்த்தை பேசினால், வரிசையில் கொஞ்சம் முன்னால் வரலாம். பொற்காசு மூட்டையைக் காட்டினால் ஒன்றும் நடக்காது.

டீமில் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். காசு வைத்திருப்பவனுக்கு இல்லையென்று சொல்லும் கடைக்காரி எதற்கு, விளையாடுபவன் எரிச்சலில் மூடிவிட்டுப் போய்விடுவான் என்றார். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் விளையாடிப் பார்த்தவர்களில் சிலர், கடைக்காரி தங்களுக்கு முதல்முறை ஈரல் கொடுத்ததைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். ஒருவர் கிடைத்த ஈரலைக் கொண்டுபோய் மருத்துவச்சியிடம் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் எழுதியே வைக்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து எழுதினோம்.

படம் வரைபவரோடு வேறு மாதிரிப் பேச்சு. அவர் வழவழப்பான மேசை ஒன்றை வரைந்திருந்தார். எங்கள் கடைக் கட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். புளிய மரத்து அடித்துண்டு. வருடக்கணக்காகக் கத்தி விழுந்து நடுவில் குழிந்திருக்கும். சாயங்காலம் சின்னத்தா தகட்டால் சுரண்டி, கல் உப்பைப் போட்டு அழுத்தித் தேய்ப்பார், ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்து நிற்கும். குழி எந்தப் பக்கம் ஆழமோ அந்தப் பக்கத்தை வைத்தே வெட்டுபவர் வலக்கையா இடக்கையா என்று சொல்லிவிடலாம். படக்காரர் உடனே, அப்படியானால் கடைக்காரி இடக்கைக்காரி என்று முடிவு செய்துவிட்டார். அவளுடைய அப்பா வலக்கை என்பதால் ஒரே கட்டையில் இரண்டு குழி.

இப்போது டிராகன் வரும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர் முற்றுகைக்குள் விழுகிறது, வாசல் அடைபட்டுவிட்டது. கடை என்ன செய்யும் என்று அத்தாவிடம் கேட்டேன். டிராகனைப் பற்றி அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. "சந்தை கூடாதுல்ல? தீனியும் வராது. ஆடு இளைக்குறதுக்கு முன்னாடி அறுத்து உப்புக்கண்டம் போட்டுரணும். வெயில் அடிக்குமா அந்த ஊர்ல?" என்றார்.

அடிக்காது. உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி நூலில் கோத்து மாடியில் காயப்போட அங்கே வழியில்லை. அதனால் கொல்லன் பட்டறைப் புகைக்கூண்டில் கறியைத் தொங்கவிடக் கடைக்காரி அனுமதி கேட்கிறாள். உப்பு போதவில்லை. ஊரில் மிச்சமிருக்கும் உப்பு முழுக்க மந்திரவாதியிடம் இருக்கிறது. அவனோ போன மாதம் ஈரல் கேட்டுக் கிடைக்காமல் போனவன்.