திரும்ப மாட்டிக்கலாமுங்களா, தம்பி?

"ஒருவேளை ஒத்து வரலைன்னா பழைய கியர்பாக்ஸைத் திரும்ப மாட்டிக்கலாமுங்களா, தம்பி?" என்று சார் கேட்டார். அவர் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"மாட்டிக்கலாமுங்க சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. பட்டறை ஷட்டரை இறக்கும்போது சில நாள் அந்தப் பதில் இன்னும் நினைவுக்கு வருகிறது.

வண்டி 1966 மாடல் அம்பாசடர், மார்க் 2. அவர் அப்பா வாங்கியது. ஸ்டியரிங் கியர், அதாவது கியர் தண்டு ஸ்டியரிங்கிலேயே இருக்கும். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கியர் உரசாமல் விழுவதற்குப் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோமெஷ், நாலு கியரில் முதல் கியருக்கு மட்டும் கிடையாது. வண்டி நின்றால்தான் அது சத்தமில்லாமல் விழும். சார் மட்டும் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு, முதல் கியரைப் போட்டுவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் நானே அதைக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலில் பிளேட் வைத்து, இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு என்னிடம் வந்தார். ஆறு மாதம் டிரைவர் வைத்துப் பார்த்திருக்கிறார். பின்சீட்டில் உட்கார முடியவில்லை என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கால் முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் வேக்குவத்தை வைத்து கிளட்சை இயக்கும் ஆட்டோ கிளட்ச். கியர் தண்டில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும், காலே வேண்டாம். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம். கையில் கியர் மாற்றும் சுகமும் அவருக்குப் போயிருக்காது. இதை நான் அவரிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட்டு, "அது அவ்வளவு சரியா வராதுங்க" என்று தாண்டிவிட்டேன். அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. எனக்கு ஆட்டோமேட்டிக் வேலையைச் செய்து பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

ஆசையில் தப்பு என்ன என்றும் தோன்றுகிறது. ஒன்றும் இல்லாததை நான் கற்பனை செய்யவில்லையே. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 6 வண்டியிலும் எம்ஜிபியிலும், இந்த எஞ்சினின் பி சீரீஸ் குடும்பத்தோடு, போர்க்-வார்னர் 35 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைக் கம்பெனியே பொருத்தி விற்றிருக்கிறது. அம்பாசடரும் பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசுதான். அந்தக் கியர்பாக்ஸ் ஒன்று அங்கிருந்து வந்தது. மேல்வேலைக்கு இங்கே கோவையில் கணபதி பகுதியில் லேத் பட்டறைகள் இருக்கின்றன. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குட்டையாக்கி பேலன்ஸ் செய்தோம். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் கூலர் வைத்தோம். கார்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒரு கேபிள்தான் என் உயிரை எடுத்தது. அது கொஞ்சம் தொய்வாக இருந்தாலும் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரிந்துபோகும். பிரஷர் கேஜை மாட்டிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. ஸ்டியரிங்கில் இருந்த பழைய கியர் தண்டையே செலக்டராக வைத்துக்கொண்டோம். சார் அதை முக்கியமாகக் கேட்டிருந்தார்.

எல்லாம் சரி. டனல்தான் சரியில்லை.

கியர்பாக்ஸ் உட்காரும் அந்த நடு மேட்டுக்குள் போர்க்-வார்னர் நுழையவில்லை. கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக எஞ்சின் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இருக்கும் முன்பக்கம் குண்டு. சுத்தியால் தட்டிப் பார்த்தேன், போதவில்லை. அம்பாசடருக்குத் தனி சேசி கிடையாது, பாடிதான் சேசி. டனலை வெட்டினால் பாடியை வெட்டியது போலத்தான். மேட்டின் மேல் விரிப்பை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாரைச் சுரண்டியபோது, கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் கிரைண்டரை வைத்து வெட்டினேன். முறம் அளவுக்கு ஒரு தகடு கழன்று வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சார் போன் செய்தார். "வேலை எப்படிப் போகுதுங்க?" "நல்லாப் போகுதுங்க சார்." வெட்டியதைச் சொல்லவில்லை. வெட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் கேட்காதது பெரிய குற்றமில்லை என்று ஒரு நாள் நினைப்பேன். சரி என்று சொல்லியிருப்பார் என்பதாலேயே கேட்டிருக்க வேண்டும் என்று மறுநாள் நினைப்பேன்.

2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதியை அதற்கப்புறம்தான் முழுசாகப் படித்தேன். 50 வயது தாண்டிய வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், சேசியிலும் பாடி ஷெல்லிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. கியர்பாக்ஸ் அதில் இல்லை. பாடி ஷெல் இருக்கிறது. அவர் டாக்டர் சான்றிதழ் வைத்து ஆர்டிஓவில் இந்த மாற்றத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார், அதில் குறையில்லை. ஆனால் நாளைக்கு இந்த வண்டியை விண்டேஜ் என்று பதிய நினைத்தால் அந்த முறம் அளவுத் தகடு குறுக்கே வரலாம். தகட்டைத் திரும்ப வெல்டு வைக்கலாம். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது வெல்டிங்கைப் பற்றி இல்லை.

வண்டி நன்றாக ஓடுகிறது. எஞ்சினுக்கு முன்னிருந்த இழுப்பு இல்லை, கன்வர்ட்டர் கொஞ்சம் தின்னும். மருதமலை ஏற்றத்தில் தண்டை எல்-லில், அதாவது குறைந்த கியரில், போட்டுப் பொறுமையாகத்தான் ஏறும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

நான் எதிர்பார்க்காதது வேறு. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஸ்டியரிங் கியர் பிடிபடாமல் வண்டியைத் தொடாத அம்மா, சாரின் மனைவி, இப்போது ஓட்டுகிறார். அறுபத்து நாலு வயதில் லைசென்ஸ் எடுத்துவிட்டார். கோயிலுக்கு, உழவர் சந்தைக்கு, மகள் வீட்டுக்கு என்று தினமும் எடுக்கிறார். முதல் தடவை அவர் தனியாக ஓட்டி வந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது, நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வாசல் வரைக்கும் அந்த எண்ணம் இருக்கிறது. உள்ளே மூலையில் சாக்கு சுற்றி வைத்திருக்கும் பழைய கியர்பாக்ஸைப் பார்த்தால் போய்விடுகிறது.

போன மாதம் சர்வீஸுக்கு வந்தார்கள். அம்மாதான் ஓட்டி வந்தார். சார் இடதுபக்க சீட்டிலிருந்து கைத்தடியை ஊன்றி மெதுவாக இறங்கினார்.

"அது இருக்குதுங்களா?"

சாக்கைப் பிரித்துக் காட்டினேன். பக்கவாட்டில் இருக்கும் லீவரைக் கட்டை விரலால் நகர்த்தி முதல் கியரில் போட்டார். இன்னொரு கையால் ஷாஃப்டைச் சுற்றினார். கனமாக, சீராகச் சுற்றியது. ஆயில் வாசனை வந்தது. இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். அம்மா வண்டிக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப மாட்டிக்கலாம்தானுங்களே, தம்பி?"

வெட்டிய தகடும் அந்தக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுவரில்தான் சாத்தியிருந்தது. அவர் பார்த்தாரா, தெரியவில்லை.

"மாட்டிக்கலாமுங்க சார்" என்றேன்.