சுருங்கிய சிறுநீரகமும் அலுமாரியில் கிடந்த பழைய அறிக்கையும்

இரத்த அழுத்தம் 160/100 வரை ஏறியதால் எடுத்த ஸ்கானில், என் வலது சிறுநீரகம் 11.6 சென்ரிமீற்றர், இடது 7.6 என்றிருந்தது. கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது, முன்பு எப்போதாவது ஸ்கான் எடுத்தீர்களா என்பதைத்தான். அண்மையில் சுருங்கியதா, சிறுவயதிலிருந்தே அப்படியா என்று அறியப் பழைய அளவு வேண்டுமாம்.

2013இல் கல் இருக்கலாமென்ற சந்தேகத்தில் ஒரு ஸ்கான் எடுத்திருந்தேன். எடுத்த இடத்திற்கு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போனேன். கணினி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாள் போனால், கவுண்டரில் இருந்தவர் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, அவ்வளவு பழைய பதிவு இல்லை என்றார். இதை முதல்நாளே சொல்லியிருக்கலாம். கடைசியில் அம்மாவின் அலுமாரியில், மின்சாரப் பட்டியல்களுக்கிடையே அது கிடைத்தது. படம் வெளுத்துப் போயிருந்தாலும் தட்டச்சு வரி தெளிவாக இருந்தது: இடது 7.8. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் அளப்பவரின் கையைப் பொறுத்தும் வரும் என்று வைத்தியர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானில் இரத்தக்குழாய் அடைப்பு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது, தழும்பு உண்டா என்று காட்டும் டிஎம்எஸ்ஏ ஸ்கானுக்குப் போன அன்றுதான் மீண்டும் இடறியது. ஸ்கானுக்கு எழுதித் தந்த துண்டில் என் பெயரின் ஆங்கில எழுத்தொன்று அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று எழுதுவினைஞர் திருப்பி அனுப்பிவிட்டார். ஊசியில் ஏற்றும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 6 மணித்தியாலம்தான் என்பதால் எனக்கான மருந்தை மறுநாளைக்கு எடுத்து வைக்கவும் வழியில்லை. மூன்று கிழமை தள்ளி வேறு திகதி தந்தார்கள். துண்டு கையில் கிடைத்தவுடனேயே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்கானின் முடிவில், மொத்த வேலையில் இடது 17 வீதத்தையும் வலது 83 வீதத்தையும் செய்வதாகத் தெரிந்தது. இடதில் தழும்புகள் இருந்தன. சிறுவயதில் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பியதால் வந்த தொற்றுகளாக இருக்கலாம் என்றார் வைத்தியர். சுருங்கியது மீண்டும் வளராது. ஆனால் அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படுவதால் அகற்றவும் தேவையில்லையாம். லொசார்டன் என்ற அழுத்த மருந்தைத் தொடங்கி இரண்டு கிழமையில், சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று அறிய, இரத்தத்தில் கிரியேற்றினினும் பொற்றாசியமும் பார்க்கச் சொன்னார். முதுகுவலிக்கு நானாகப் பாமசியில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்குளோபினக் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலிமருந்து என்பதால் அதை அன்றே நிறுத்தினேன். காமரங்காய்ச் சாற்றுக்கும் தடை. அதிலுள்ள ஒக்சலேற்று, இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

பழைய அறிக்கையை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை அம்மாவின் அலுமாரியிலேயே திரும்பவும் வைத்திருக்கிறேன்.